ஓரவஞ்சனை

போத்தி துறைமுகத்தில் இறங்கும்போதே
வலது விலா நொறுங்கியிருந்தது.
வெள்ளை ஹைப்ரிட். அமெரிக்காவில்
எந்தச் சந்திப்பில் யார் வந்து மோதினார்களோ.
ருஸ்தாவி சந்தையில் மூன்று நாள் மழையில் நின்றதை
ஜும்பெர் அடிமாட்டு விலைக்கு இழுத்து வந்தான்.
டேஷ்போர்டு பெட்டிக்குள் ஒரு குழந்தைக் காலுறை,
ஒற்றை.
நான் அதை எறியவில்லை.

எங்களுக்கு வேண்டியது மோட்டார் மட்டும்.
எட்டு வருடம் பின் அச்சில் தொங்கிக்கொண்டு
சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்பியது.
பிரேக் மிதித்தால் மின்சாரம் பொறுக்கும்,
பச்சை விழுந்தால் எண்ணி எண்ணிச் செலவழிக்கும்.

பாத்ரியின் பந்தயக் காருக்கு அது.
"எத்தனை குதிரை கூடும்?" என்றார்.
ஒன்றும் கூடாது என்றேன்.
"வேகம்?"
கூடாது.
"பிறகு நான் எதற்கம்மா பணம் தருகிறேன்?"

பட்டறைத் தரையில் சாக்கட்டியால் ஒரு வளைவு போட்டேன்.
உள்ளே உருளும் சக்கரத்துக்கு இத்தனை அடி.
வெளியே உருள்வதற்கு இதைவிட நீளம்.
நடுவிலிருக்கும் டிஃபரென்ஷியலோ
கிட்டத்தில் இருப்பவனுக்கு ஒரு கரண்டி,
தொலைவு நடப்பவனுக்கும் அதே ஒரு கரண்டி வைத்துவிட்டுக்
கையைத் துடைத்துக்கொள்ளும்.
அதற்குத் தெரிந்த நியாயம் அவ்வளவுதான்.
இந்த மோட்டார் இடையில் உட்கார்ந்தால்
ஒன்றிடம் பிடுங்கி மற்றதற்குக் கொடுக்கும்.
கூட்டிப் பார்த்தால் பூஜ்யம்.
ஓரவஞ்சனை, பாத்ரி, கலப்படமில்லாத ஓரவஞ்சனை.

மீசையைத் தடவினார். புரிந்ததோ என்னவோ,
முன்பணத்தை ஸ்பேனருக்கடியில் செருகிவிட்டுப் போனார்.

டிசம்பர் முழுக்கக் கடைந்தோம்.
சூரியன் என்றொரு பல்சக்கரம், சுற்றிவர மூன்று கோள்கள்
(பேர் வைத்தவன் எண்ணெய்ப் பள்ளத்துக்குள் படுத்து
அண்ணாந்து பார்த்திருக்க வேண்டும்).
முதல் தொகுதிக்குப் பல் போயிற்று.
இரண்டாவது கசிந்து ஜும்பெரின் ஸ்வெட்டர் பாழ்.
மூன்றாவது நின்றது.
மோட்டாருக்குத்தான் பழைய உத்தியோகத்தை மறக்க மனமில்லை.
பிரேக்கில் கால் பட்டாலே
பொறுக்கிக்கொள்ள ஓடிவந்தது.
இரவு இரண்டு மணிக்கு, வரி வரியாக,
அந்தப் பழக்கத்தை அழித்தேன்.

பிப்ரவரியில் ஒரு காலை.
ஓடுகளத்தில் பனி பாதி உருகி, பாதி கண்ணாடியாகி.
நான் ஓட்டினேன், ஜும்பெர் பக்கத்தில்.
நேர்பாதையில் மோட்டார் அசையவில்லை.
சும்மா இருப்பதும் சம்பளத்தில் சேர்த்தி.
மூன்றாம் வளைவில் ஸ்டியரிங்கை இடப்புறம் ஒடித்தேன்.
கார்
கோபித்துக்கொண்டவள் போல முகத்தை வெட்டி
நேரே போய் டயர்க் குவியலில் மூக்கைப் புதைத்தது.

எதுவும் உடையவில்லை. மோட்டார் பிடுங்கியது, கொடுத்தது.
ஆள் மாறிப் போயிற்று, அவ்வளவே.
நீளப் பாதை ஓடுகிறவனிடம் பறித்து
உள்ளே சொகுசாய் உருள்கிறவனுக்கு.
"நம்ம நகராட்சி எழுதிய நிரலா?" என்றான் ஜும்பெர்,
உதட்டு ரத்தத்தைத் துடைத்தபடி.

நான் எழுதியதுதான்.
ஒரு கழித்தல் குறி விட்டுப்போயிருந்தது,
இமைமுடி அளவு கோடு.
பானட்டின் மேல் மடிக்கணினியை வைத்து,
விரல் விறைக்க, அதைப் போட்டேன்.

அதே வளைவு. அதே வேகம்.
வெளிச் சக்கரம் தோள் கொடுக்க
கார் இடுப்பை ஒடித்து உள்ளே வந்தது,
நான் திருப்புவதற்குக் கொஞ்சம் முன்பே
திரும்ப நினைத்திருந்ததைப் போல.
ஜும்பெர் கைப்பிடியை விட்டான்.
இன்னொரு சுற்று என்று மட்டும் சொன்னான்.

பாத்ரி கடிகாரத்தை நீட்டினார்.
"நேர்பாதையில் பழைய நேரம்தானே வந்திருக்கிறது?"
கூடாதென்றுதானே சொன்னேன்.
வளைவு நேரம் அடுத்த வரியில் இருந்தது.
தானாகப் பார்க்கட்டும் என்று இறங்கிவிட்டேன்.

திரையில் தெறித்த சேற்றைத் துடைக்கத்
துணி தேடினால், சட்டைப்பையில் அந்தக் காலுறை.
எந்தக் காலுக்கு உள்ளது?
திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
அவ்வளவு சின்னதில்
இடம் வலம் தெரிவதில்லை.